சயோகோ வாய் திறக்காத ஏழு நாள்

தொண்டை டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தபோதே, வரப்போவது நல்ல சேதி இல்லை என்று சயோகோவுக்குத் தெரிந்துவிட்டது.

"குரல் நாண்ல வீக்கம். ஏழு நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கிறதும் பேச்சுதான், என்னை ஏமாத்தாதீங்க. அடுத்த திங்கக்கிழமை கேமரா விட்டுப் பாப்பேன். வடியலைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் பழைய குரல் வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"ஏழு நாளா..." என்று ஆரம்பித்தவளைப் பார்த்து அவர் உதட்டில் விரலை வைத்தார். அந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஆரம்பித்தது.

சயோகோவின் பிழைப்பே அந்தக் குரல்தான். இருபத்திரண்டு வருடமாக ஓசாகாவைச் சுற்றிக்காட்டும் பேருந்தில் கைடு. நீலத் தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் மைக். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பயணிகளைப் பார்த்து நின்றபடி ஊர்க்கதை சொல்வாள், கிண்டலடிப்பாள், நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் பாட்டும் பாடுவாள். கூட்டத்துக்கு எதிரே நிற்பதால், "உங்கள் வலது பக்கம் பாருங்கள்" என்று சொல்லும்போது அவள் தூக்க வேண்டியது தன் இடது கையை. வேலைக்குச் சேரும் பெண்கள் எல்லோரும் முதல் வருடம் இதில் தடுமாறி அழுவார்கள். சயோகோவும் அழுதவள்தான். அப்புறம் அது உடம்போடு ஊறிப்போய், வீட்டில் சர்க்கரை எங்கே என்று கேட்டால்கூட "வலது அலமாரியிலே" என்று இடது கையை நீட்டுவாள். தெட்சுஜி பாவம், கல்யாணமான புதிதில் காப்பியில் உப்புப் போட்டுக் குடித்திருக்கிறார்.

குரல் போனாலும் கம்பெனி அவளைக் கைவிடாது. டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைக்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கச் சில்லறை கொடுப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

தெட்சுஜி ரயில் தண்டவாளம் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசாதவர், பேசினால் குத்தாமல் பேசத் தெரியாதவர். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னார்.

"இந்த வீட்டுல இவ்வளவு அமைதியா நான் மீன் தின்னதே இல்ல. சரி, சனி ஞாயிறு டூர் போவோம். எங்கேன்னா, நம்ம ஓசாகாவுக்கே. ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டினே, எங்களுக்குக் காட்டினியா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. ஊரே ஊர் சுற்றும் நாட்களில்தான் கைடுக்கு வேலை. மகள் மஹிரோவுக்குப் பதின்மூன்று வயதாகிறது, இதுவரை மூன்று பேரும் சேர்ந்து ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. சக்காயில் இருக்கும் வீட்டிலிருந்து ஓசாகா நடுவூருக்கு ரயிலில் அரை மணி நேரம். இருந்தும் ஊருக்கே பேர் வாங்கித் தந்த ஓசாகாக் கோட்டைக்குள் தெட்சுஜி காலே வைத்தது கிடையாது.

மஹிரோ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா பேச மாட்டாங்கன்னா நானும் வரேன்" என்றாள்.

சயோகோ சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. மஹிரோ நாலாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அமர்த்திய பேருந்தில் கைடாக வந்தது சயோகோ. மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மஹிரோ கடைசி சீட்டில் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனிமே எங்க ஸ்கூல் பக்கம் வராதே, மானம் போகுது" என்றாள். அன்றைக்கு வாங்கிய அடியை சயோகோ யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை. மௌன விரதம் தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. கழுத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் தொங்க, சயோகோ முன்னால் நடந்தாள். ஐம்பதடிக்கு ஒருமுறை திரும்பி, ஒன்று, இரண்டு என்று தலை எண்ணினாள்.

"ரெண்டே பேருதாம்மா. நாங்க தொலைஞ்சு போக மாட்டோம்" என்றாள் மஹிரோ.

சொன்ன வாய் மூடுமுன் தொலைந்தார்கள். உமேதா ரயில் நிலையத்தின் நிலத்தடி வழிகளில் வழி தவறாதவன் ஓசாகாக்காரனே இல்லை. ஒரு ரொட்டிக் கடைக்கு எதிரே வழி இரண்டாகப் பிரிந்தது. சயோகோ பலகையில் "வலது" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு, இடது கையை அழகாக நீட்டினாள்.

"பலகை வலதுங்குது" என்றார் தெட்சுஜி.

"கை இடதுங்குது" என்றாள் மஹிரோ.

"இருபது வருஷமா இந்தக் கையை நம்பித்தான் காப்பியில உப்புப் போட்டேன். நான் பலகை கட்சி."

"அப்பா, கைடோட கையைத்தான் பாக்கணும். நான் கை கட்சி."

சயோகோவுக்குத் தன் தவறு புரிந்துவிட்டது. அதை விளக்க நாலு வரி எழுத வேண்டும். பேனா மூடியைத் திறப்பதற்குள் மகள் கை காட்டிய பக்கம் போய்விட்டாள். இருபது நிமிடம் நடந்து, புறப்பட்ட அதே ரொட்டிக் கடைக்கு எதிரே வந்து நின்றார்கள்.

புலிமுகம் போட்ட சட்டையில் ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். பலகையைப் படித்தாள், சயோகோவின் தொண்டையைப் பார்த்தாள், கைப்பைக்குள் கையை விட்டாள். எங்கள் ஊர்ப் பெண்கள் பணப்பையை மறந்தாலும் மிட்டாயை மறக்க மாட்டார்கள்.

"தொண்டையா? இந்தா, தேன் மிட்டாய். நாலு எடுத்துக்க. பேசவே கூடாதா? அடிப் பாவமே, நானா இருந்தா ரெண்டாம் நாளே செத்திருப்பேன். உங்க வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டமா இருக்குமே?"

"அஞ்சு நாளா திருவிழாக்கா" என்றார் தெட்சுஜி.

சயோகோ பலகையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அம்மாள் மூவரையும் வெளியே போகும் வாசல்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, தான் எங்கே போக வந்தோம் என்பதை மறந்து நின்றாள்.

மத்தியானம், இறாலும் காயும் குச்சியில் குத்திப் பொரித்துத் தரும் கடையில் தெட்சுஜி இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லோருக்கும் பொதுவான குழம்புத் தொட்டியில் ஒரு முறைதான் முக்கலாம். கடித்ததை மறுபடி முக்குவது எங்கள் ஊரில் கொலைக்குச் சமம். அவர் பாதி கடித்த இறால் குச்சியை, மனைவியையே பார்த்தபடி, தொட்டியை நோக்கி மெல்ல மெல்ல இறக்கினார். சயோகோவின் கண் பிதுங்கியது. கத்த வாயைத் திறந்தேவிட்டாள். கடைக்காரர் முந்திக்கொண்டு, "ஐயா, குடும்பத்தோட வெளியே போகணுமா?" என்று கரண்டியைத் தூக்கினார். மஹிரோ சிரித்த சிரிப்பில் மூக்கு வழியாக சோடா வந்தது. மகள் இப்படிச் சிரித்து எத்தனை வருடமாயிற்று என்று சயோகோ எண்ணிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றுப் படகு. பாலங்களுக்கு அடியில் நுழைவதற்காகத் தட்டையாகச் செய்த கண்ணாடிப் படகு, முப்பது பேர். புறப்பட்ட ஐந்தாவது நிமிடத்தில், பதிவு செய்து வைத்திருந்த விளக்கக் குரல் கரகரவென்று இழுத்து நின்றுபோனது. படகுக்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

முன் வரிசையில் அக்கித்தாவிலிருந்து வந்த ஒரு வயதான ஜோடி.

"ஏங்க, அது என்ன கட்டடம்?"

"எனக்கென்ன தெரியும்? நானும் உன்கூடத்தானே வந்தேன்."

"எவ்வளவு தூரத்திலேருந்து வந்திருக்கோம், சொல்ல ஆளில்லையே."

அதற்குமேல் சயோகோவால் தாங்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தின் வயது அவளுக்குத் தெரியும், கட்டியவன் சண்டை போட்ட கதை தெரியும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவளை எழுப்பி நிறுத்தியது. மூச்சை இழுத்தாள். நாளைக்குக் கேமரா என்பது மறந்தே போயிற்று.

"சயோகோ, வேண்டாம்!" தெட்சுஜி அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

அதற்குள் மஹிரோ எழுந்து முன்னால் போய்விட்டாள். முகம் காது வரை சிவந்திருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு... இன்னிக்கு எங்கம்மாவுக்குத் தொண்டை சரியில்ல. அதனால நான் சொல்றேன். கொஞ்ச நேரத்துல ஒரு பாலம் வரும். ரொம்ப மரியாதை எதிர்பார்க்கிற பாலம். தலை குனியாதவங்க தொப்பியை அதுவே வாங்கி வெச்சுக்கும்."

சயோகோ உட்கார்ந்தாள். அவள் எழுதிய கிண்டல், அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி வந்தது. படகே சிரித்தது. ஒவ்வொரு காலையும் குளியலறையில் தான் ஒப்பிப்பதை மகள் சுவர் வழியாகக் கேட்டிருப்பாள், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்போ, உங்கள் வலது பக்கம் பாருங்கள்" என்றாள் மஹிரோ. இடது கையைத் தூக்கினாள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு கணம்கூடத் தடுமாறாமல்.

முப்பது தலைகளும் வலது பக்கம் திரும்பின. சயோகோ மட்டும் திரும்பவில்லை. குரலைச் சுவர் வழியாகக் கேட்கலாம். அந்தக் கையைப் பார்த்தால்தான் தெரியும். நாலாம் வகுப்பில் கடைசி சீட்டில் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தவள், அந்த ஜன்னல் கண்ணாடியில் விழுந்த யார் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"முன் சீட்டுக்குப் பின்னாடி, பலகை வெச்சிருக்கிற அம்மா" என்றாள் மஹிரோ. "நீங்களும்தான். வலது பக்கம்."

சயோகோ திரும்பினாள். மரங்களுக்கு மேலே கோட்டையின் பச்சைக் கூரை எழும்பி வந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டியே நின்றவளுக்கு எல்லாம் கடந்து போவதைத்தான் பார்த்துப் பழக்கம். ஒன்று தன்னை நோக்கி வருவதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடச் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கோட்டையைக் கட்டினது யாரு?" என்று கேட்டாள் மஹிரோ.

அக்கித்தாப் பெரியவர் பள்ளிக்கூடத்தில் படித்த பிரபுவின் பேரைப் பெருமையாகச் சொன்னார்.

"இல்லைங்க, தச்சருங்க!" என்றாள் மஹிரோ.

பெரியவரின் மனைவி அவர் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வடிஞ்சுபோச்சு. நிஜமாவே வாயைத் திறக்கலையா? எங்க, ஒண்ணு பேசுங்க. மெதுவா."

ஏழு நாளாகச் சேர்த்து வைத்த பேச்சு எவ்வளவோ இருந்தது. முதலில் தெட்சுஜியைத் திட்டுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். அவர் கதவோரம் தயாராகத்தான் நின்றார். மஹிரோ பள்ளிச் சீருடையில், டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சயோகோ டாக்டரை நேராகப் பார்த்தாள். இடது கையை எடுத்து நீட்டினாள்.

"உங்கள் வலது பக்கம் பாருங்கள்" என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் வந்தது. "என் மகள்."

டாக்டர் வலது பக்கம் திரும்பி, குனிந்து வணங்கினார்.