மெத்தைமேல் நடந்த பரீட்சை

அவரை எல்லோரும் கோர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வேறு நல்ல பெயர்தான் வைத்தார்கள். ஆனால் எந்தக் கம்ப்யூட்டரைக் கண்டாலும் "இதுல எத்தனை கோர்?" என்று கேட்காமல் நகராத மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? கோர் என்றால் புராசஸருக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் வேலை சீக்கிரம் முடியும் என்பது அவருடைய மதம். அந்த மதத்துக்குப் பூசாரியும் அவர்தான், பக்தரும் அவர் ஒருவர்தான்.

படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஜன்னல் இல்லாத அறை, எலும்புவரை குளிர். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கட்டிய மனைவியைவிட அந்த இயந்திரங்களோடுதான் அதிக நேரம் இருந்தார். ஒருநாள் சர்வர்களை மொத்தமாக வேறெங்கோ மாற்றினார்கள். அவரை மட்டும் மாற்றவில்லை. அதற்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி விற்கும் கிடங்கில் வேலை. ஆபீஸ்கள் கழித்துக்கட்டியதெல்லாம் லாரியில் வந்து இறங்கும்; எது உயிரோடு இருக்கிறது, எது போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்வது அவர் பொறுப்பு. சர்வர் வந்தால் கைக்குழந்தையைப்போல இரண்டு கையாலும் வாங்குவார். லேப்டாப் வந்தால் காலால் ஒதுக்குவார்.

"பேட்டரிக்குப் பயந்து பயந்து வேலை செய்யறதெல்லாம் ஒரு புராசஸரா?" என்பார். கிடங்கில் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் மத்தியானம்வரை விடமாட்டார்.

வீட்டுப் படுக்கையறையிலும் ஒரு பழைய சர்வர் இருந்தது. இரண்டு புராசஸர், மொத்தம் இருபத்துநாலு கோர், போட்டால் மாவு மில் சத்தம். அவர் மனைவி வேலை செய்தது அதில்தான். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலக் கம்ப்யூட்டரில் வரைந்து தருவது அவள் தொழில். சுவரில் விழும் வெயில், திரைச்சீலையின் மடிப்பு, நாற்காலியின் நிழல் என்று ஒன்றையும் விடமாட்டாள். அந்தப் படத்தை முழுசாக உருவாக்கித் தருவதில் சர்வரைக் குறை சொல்ல முடியாது, அனாயாசமாகச் செய்யும். என்ன, போன் வந்தால் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும்.

அப்படிக் குளியலறையில் நின்றுதான் அவள் அந்தச் செய்தியையும் கேட்டாள். கட்டட வடிவமைப்பு ஆபீஸ் ஒன்றை நடத்தும் அம்மையார் அவளுடைய படங்களைப் பார்த்திருந்தார். திங்கட்கிழமை வந்து, வீடு கட்டப்போகிறவர்கள் முன்னால் அவள் வரைந்த வீட்டுக்குள் நடந்து காட்ட வேண்டும். வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, மாடி ஏறிப் போவது மாதிரி திரையில் ஓடவேண்டும். சரியாக அமைந்தால் நிரந்தர வேலை. லேப்டாப் மட்டும் சொந்தமாக வேண்டும்.

"என்னங்க, உங்க கிடங்குல பழசா ஒண்ணு நல்லதா இருக்குமா?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து அவருக்கு நாளாகியிருந்தது.

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பார்த்தார். கிடங்கில் ஒரு லேப்டாப்பை எடுத்து, அவள் வரைந்த வீட்டை அதிலும் போட்டு, வீட்டில் இருப்பது மாதிரியே அங்கிருந்த இருபத்துநாலு கோர் சர்வர் ஒன்றிலும் போட்டார். முழுப் படத்தை உருவாக்குவதில் சர்வர்தான் ஜெயித்தது; லேப்டாப் பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வீட்டுக்குள் நடந்து பார்த்தார். லேப்டாப் வழுக்கிக்கொண்டு போயிற்று. சர்வர் ஒவ்வொரு வாசற்படியிலும் தடுக்கி விழுந்தது. நடக்கும் வேலை ஒரே ஒரு கோரின் தலையில்தான் விழும். மீதி இருபத்துமூன்றும் கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களைப்போல வேடிக்கை பார்க்கும். சர்வரின் ஒற்றைக் கோர் லேப்டாப்பின் ஒற்றைக் கோருக்கு உறைபோடக் காணாது. இதெல்லாம் அவருக்கு அத்துபடி.

போய் அப்படியே சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அவள் வெளியே போவாள், பெரிய மனிதர்களோடு பழகுவாள், காலால் லேப்டாப்பை ஒதுக்கும் தன் புருஷன் அவள் கண்ணுக்குச் சின்னவனாகத் தெரிவான் என்று பயந்தார். பயத்தைப் பயம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. அதனால் அன்று, வெள்ளிக்கிழமை சாயந்திரம், லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பரீட்சை வைத்தார்.

லேப்டாப்பைக் கட்டிலில், மெத்தைமேல், அதன்மேல் மடித்த போர்வையின்மேல் வைத்தார். சார்ஜரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அடியில் காற்றுப் போக வழியில்லாமல் புராசஸர் சூடேறி, வெந்து செத்துவிடாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. திரையில் வீடு விக்கி விக்கி நகர்ந்தது.

"பார்த்தியா? லேப்டாப்னா அவ்வளவுதான்" என்றார்.

அவள் விக்கி நகரும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய்விட்டு வந்தபோது, அவள் கூடத்தில் வெறும் தரையில் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் செருகி, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் வீடு சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அன்னிக்கு ஓடலையே. இன்னிக்கு ஏன் ஓடுது?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புராசஸரைப் பற்றி அவள் 'ஏன்' என்று கேட்டது அதுதான் முதல் தடவை. கோர் குளிர்ந்துபோனார். காய்கறிப் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து ஆரம்பித்தார். லேப்டாப் புராசஸரை ஒல்லி உடம்புக்குள் அடைத்திருக்கிறார்கள், தரையில் வைத்தால் அடியில் காற்று போகும், மெத்தையில் வைத்தால் மூக்கைப் பொத்தின மாதிரி. சார்ஜர் செருகினால் முழு வேகம், பேட்டரியில் பாதி வேகம். நடந்து காட்டறதுக்கு ஒரு கோர் போதும், அதுல இந்த லேப்டாப் நம்ம சர்வரையே தூக்கிச் சாப்பிட்டுடும், கிடங்குலயே போட்டுப் பார்த்தேன், என்னமா ஓடுச்சு தெரியுமா? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"கிடங்குலயே பார்த்துட்டீங்களா?" என்றாள்.

அவர் பையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுதான் மெத்தையில வெச்சீங்களா?"

சப்பைக்கட்டு கட்டப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ போயிடுவேன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

"எங்க போயிடுவேன்? ஆபீசுக்குத்தானே. சாயந்திரம் வந்துடப் போறேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. திரையைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை. கூடத்தில் ஒரு நாற்காலி இல்லை. சுவரில் வெயில் இல்லை. வெள்ளையாக, குடியிருந்தவர்கள் காலி செய்த மறுநாள் வீடு மாதிரி இருந்தது.

"இது என்ன, மொட்டையா இருக்கு?"

"நான்தான் எடுத்தேன். அன்னிக்கு விக்கி விக்கி ஓடுச்சில்ல, நான்தான் தேவையில்லாததெல்லாம் வரைஞ்சு பாரமாக்கிட்டேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா சார்ஜ் ஏத்தி ஏத்தி, அதே மெத்தைமேல வெச்சு ஒண்ணொண்ணா அழிச்சேன். திரைச்சீலைய எடுத்தேன், ஓடல. நாற்காலிய எடுத்தேன், ஓடல. வெயில எடுத்தேன். இனிமே எடுக்க ஒண்ணும் இல்லைன்னுதான் இன்னிக்கு இதைத் தரையில வெச்சுட்டு உட்கார்ந்தேன்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இந்த மெஷினை மட்டம்னு காட்டினதா நெனச்சுட்டிருக்கீங்க. என் வேலைதான் மட்டம்னு நான் நம்பிட்டேன்."