கேலன் துப்பிய துளை

நெடுஞ்சாலையில் அடிபட்டுச் செத்த மான்களை அள்ளுவதுதான் ஆர்டிஸ் டோலெஃப்சனின் வேலை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் டிரெய்லர் வீட்டு வரிசையில் அவள் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஊதிப்போன மானைக் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று சாண்ட்விச் தின்பாள்.

ஜனவரியில் ஒரு நாள். அவள் மகள் கிறிஸ்டா, குறைமாதத்தில் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் வர இருந்தாள். வீடு ஒரே சூட்டில் இருந்தால்தான் குழந்தையை அனுப்புவோம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஹீட்டரோ பற்றிக்கொள்ளும், கொஞ்சம் எரியும், அணையும், மறுபடி பற்றும். படுக்கையறையில் விட்ட மூச்சு குளிரில் புகையாகத் தெரிந்தது.

ஆர்டிஸ் ஃபில்டரை மாற்றினாள். சுடர் படும் கம்பியைத் தேய்த்துத் துடைத்தாள். பலனில்லை. எனக்கு விஷவாயு பயம்; என் வீட்டு எச்சரிக்கைக் கருவியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். அது வாயே திறக்கவில்லை.

விவாகரத்து ஆனதிலிருந்து அவள் வீட்டுச் சாய்வு நாற்காலியிலேயே குடியிருக்கும் தம்பி கேலன், சூரியகாந்தி விதை கொறித்தபடி சொன்னான்: "செவுத்துல இருக்கற சுவிட்ச்தான்க்கா கெட்டுப்போச்சு. அப்பவே சொன்னேன்ல?"

"சொன்னே. எழுந்து ஒரு ஸ்க்ரூ திருகினியாடா?"

"என் முதுகு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நாற்காலில அது பதிஞ்ச பள்ளமும் தெரியும்."

தரையில் சூடான காற்று வரும் துளைகள் மேல் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தாள். ஹீட்டரை ஒட்டிய துளையில் அனல். அடுத்தது கேலனின் நாற்காலியோரத் துளை. அதிலிருந்து கடைசி அறைவரை காற்றே இல்லை. போக வழியில்லாத சூடு திரும்பி ஹீட்டரையே காய்ச்ச, அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொண்டிருந்தது.

நாற்காலியோரத்துக் கம்பித் தட்டைத் தூக்கினாள். உள்ளே எச்சிலில் ஊறிக் காய்ந்து, மேலே மறுபடி ஊறிய விதைத் தோல். குழாய் நிறைய. அதற்குள் ஒரு எலிக் குடும்பம், பாதி உயிரோடு, பாதி கருவாடாக. இத்தனை நாள் இந்த வீட்டில் வறுத்த வாசனை என்று நான் ரசித்து மூச்சிழுத்தது இதைத்தான்.

"தரையில துப்பினா நீ திட்டுவியேக்கா... கீழ மண்ணுதான் இருக்கும்னு நெனச்சேன்."

"மண்ணுலேர்ந்து சூடு வருதுன்னு நெனச்சியாடா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

ஆர்டிஸ் கதவைத் திறந்து பனியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மான் அள்ளும்போது போடும் கையுறையை மாட்டித் தோள்வரை கைவிட்டு அள்ளினாள். இரண்டு குப்பைப் பை நிறைந்தது. மிச்சத்தை என் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினோம். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலியும் பைகளோடு பனிக்குப் போனது.

மறுநாள் ஹீட்டர் நிற்காமல் எரிந்தது. முழங்கைவரை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே, வந்திறங்கிய கிறிஸ்டாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கினாள் ஆர்டிஸ். கேலன் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று, பழக்கத்தில் ஒரு விதையை வாயில் போட்டுக் கடித்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் தோலோடு விழுங்கினான்.