ட்ரஸ்ட்டிக்கு ஆள் தேடி

திண்டிவனத்தில் உயில் எழுதித் தரும் வக்கீலுக்குச் சட்டம் பாதி தெரிந்தால் போதும். மீதி வேலை குடும்பக் கதை கேட்பதுதான். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தலையாட்டிக் கேட்டுக் கேட்டு உங்களுக்கும் கழுத்து வலி வந்திருக்கும்.

எங்களுக்கு எதுக்குங்க?

காணை கிராமத்துப் பக்கமிருந்து ஒரு கரும்பு விவசாயி மனைவியோடு வந்தார். முப்பது வயது மகளுக்கு மனவளர்ச்சி இல்லை. இன்னமும் அம்மாதான் சோறு ஊட்ட வேண்டும். நிலம் மொத்தத்தையும் மகனுக்கு எழுதிவிட்டால் தங்கச்சியை அவன் பார்த்துக்கொள்வான் என்றார். “பார்க்கலைன்னா?” என்றேன். 

மகளுக்காக உயிலிலேயே ஒரு ட்ரஸ்ட் வைக்கலாம், ட்ரஸ்ட்டி என்று பொறுப்பாக இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொள்வார்கள், வருவதை அவளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், இஷ்டத்துக்கு விற்க முடியாது என்று அரைமணி நேரம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர் கடைசியில் சொன்னார்: “ட்ரஸ்ட்டெல்லாம் காலேஜ் நடத்திக்கினு இருக்கறவங்க வெச்சிக்கிறது மேடம். எங்களுக்கு எதுக்குங்க?”

கதவோரம்

ஒரு விதவைத் தாயை அவர் மகனே பைக்கில் கொண்டுவந்து விட்டான். அவன் வெளியே நின்றதும் அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். பையன் குடிக்கிறான், வீடு அவன் பேருக்குப் போனால் ஒரு மாதம்கூட நிற்காது, ஆனால் சாகிறவரை அவன் அதில் இருக்க வேண்டும். இதற்கும் ட்ரஸ்ட்தான் வழி என்று எழுத ஆரம்பித்தேன்.

நிமிர்ந்தால் கதவோரம் அவன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். சண்டைதான் என்று நினைத்துப் பேனாவை மூடினேன். அவன் உள்ளே வந்தான், உட்காரவில்லை. “அம்மா சொல்றதையே எழுதிடுங்க மேடம். என் கைல குடுத்தா வித்துடுவேன், எனக்கே தெரியும்.”

வயசு

இரண்டு மாதம் கழித்துக் காணைத் தம்பதி திரும்பி வந்தார்கள், ட்ரஸ்ட்டே வைக்கலாம் என்று. மகன் ஒரு ட்ரஸ்ட்டி. இன்னொருவர்? தம்பியோடு வரப்புத் தகராறு. மச்சானுக்கு இவரைவிட வயது அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு பெயராக எழுதி அடித்ததில் தாள் முடிந்தது. விவசாயியின் மனைவி என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: “உங்களுக்கு இன்னா வயசு மேடம்?”

அந்த உயிலில் இரண்டாவது ட்ரஸ்ட்டி நான்தான். அன்றிலிருந்து எந்தக் கட்சிக்காரர் வயது கேட்டாலும் பத்து கூட்டியே சொல்கிறேன்.