திரைக்கு மட்டும் கரண்ட் இல்லை

வெளியே கிளம்பும்போது கைக்கு எட்டிய சுவிட்சையெல்லாம் அணைப்பது, சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டிய பழக்கம். அன்றும் அப்படித்தான் அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். மனசுக்குள் ஒரு கவிதை குதித்துக்கொண்டிருந்தது. மவுஸை ஆட்டினேன். சிபியூ உறுமியது, திரை விழிக்கவில்லை. கறுப்பில் என் முகம்தான் தெரிந்தது. பொறுமையிழந்து, சிபியூ பொத்தானை அது அடங்கும்வரை அமுக்கிப் பிடித்தேன்.

பெங்களூர் ரயிலில் இருந்த மனைவிக்கு போன் செய்து, "கவித எழுதலாம்னா திரையே வரல. இன்னா பண்ணி வச்சிட்டுப் போன?" என்று கத்தினேன்.

"மானிட்டர் சுவிட்சு போட்டீங்களா?"

போடவில்லை. அணைத்ததே நான்தான்.

"சிபியூவ மட்டும் அணைச்சிடாதீங்க. ஞாயித்துக்கிழம சர்ச்ல எல்லார் முன்னாடியும் படிக்கவேண்டிய என் வாழ்க்கை சாட்சி, சேவ் பண்ணாம அப்படியே கெடக்குது."

"சிபியூவா..." என்று இழுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நல்லா எழுதுங்க கவித!"

ஊரிலிருந்து திரும்பியவள், சனிக்கிழமை உட்கார்ந்து சாட்சியை மறுபடியும் தட்டினாள். "ஒங்களப் பத்தி நல்லதா நாலு வரி எழுதியிருந்தேன். அது மட்டும் இப்ப வரமாட்டேங்குது" என்றாள். மறுநாள் சர்ச்சில் அவள் படித்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

இப்போதெல்லாம் திரை விழிக்காவிட்டால், மானிட்டரின் சிறுவிளக்கையும் சுவிட்சையும் வயரையும்தான் முதலில் பார்க்கிறேன். அவளைக் கேட்ட பிறகே சிபியூவில் கை வைக்கிறேன்.