உருகாத பொத்தான்

பட்டறையில் எல்லோரும் அவளை ‘ஒட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எரிபொருள் கலம் செய்கிற பட்டறை அது. அடுக்கி வைத்த பீங்கான் தகடுகளின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் போகும், மறுபக்கம் காற்று போகும், நடுவில் மின்சாரம் பிறக்கும். ஹைட்ரஜனும் காற்றும் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது, கலந்தால் அந்தச் சூட்டில் தீப்பிடித்து வெடிக்கும். கலக்கவிடாமல் தகடுகளின் ஓரத்தை அடைத்து ஒட்டுவதுதான் அவள் வேலை.

ஏதோ கோந்து தடவுகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அடுக்கு ஓடுகிற சூட்டில் கோந்து கருகிப்போகும், ரப்பர் சாம்பலாகிவிடும். அதனால் கண்ணாடிப் பொடி. பொடியைப் பசையாகக் குழைத்து, கேக் மேல் க்ரீம் பிழிவதுபோல ஓரம் முழுக்கப் பிழிந்து, உலைக்குள் வைப்பாள். கண்ணாடி இளகி ஓடி இண்டு இடுக்கெல்லாம் அடைக்கும். பிறகு உள்ளுக்குள் படிகம் விளைந்து, பீங்கானோடு பீங்கானாக இறுகிவிடும். இளகுவதற்கு அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. ஓடுவதற்கு முன்னாலேயே இறுகிவிட்டதென்றால், அழுதாலும் புரண்டாலும் மறுபடி இளகாது.

குளியலறை ஓடு செய்கிற ஆலையில் மெருகு பூசிக்கொண்டிருந்தவள் இங்கே வந்து சேர்ந்தாள். வந்த இடத்தில் சோதனை அறைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவள் ஒட்டுவாள், அவன் கசிவு பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவான். மனுஷன் தங்கம்தான், ஆனால் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஜென்மம். சமையலறைக் குழாய் சொட்டினால் அவளுக்கு உயிர் போகும். அவன் அதன் வாயில் ஒரு துணியைச் சுற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவான்.

ஒட்டக்கா கை பட்டது எதுவும் கசிந்ததில்லை என்று பட்டறையில் ஒரு பேச்சு. அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வெளியே தலையாட்டுவாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள். பச்சை தவிர வேறு ஸ்டிக்கர் அவளுடைய அடுக்குகளில் விழுந்ததே இல்லை. அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

உலையில் அடுக்கு வைக்கும்போதெல்லாம், அதே பொடியை அழுத்திச் செய்த ஒரு பொத்தானையும் ஓரமாக வைப்பார்கள். கண்ணாடி ஒழுங்காக ஓடியிருந்தால் பொத்தானின் விளிம்பு மழுங்கி, தண்ணீர்ச் சொட்டு மாதிரி குவிந்து கிடக்கும். அன்றைக்கு அடுக்கைச் சோதனை அறைக்கு அனுப்பிவிட்டு, உலையைத் துடைக்கப் போனபோதுதான் அந்தப் பொத்தானைக் கையில் எடுத்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வைத்தது வைத்தபடி இருந்தது. விளிம்பு விரலைக் கீறுகிற மாதிரி நின்றது.

பிழியும் குழல் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதே என்று, முந்தின நாள் பொடியை அரவை இயந்திரத்தில் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடவிட்டிருந்தாள். மாவுபோல நைசாக வந்ததில் அவளுக்கு ஒரே திருப்தி. பொடி மிகவும் நைசானால் படிகம் முந்திக்கொள்ளும், கண்ணாடி ஓட நேரமிருக்காது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் மூச்சுக்கு முந்நூறு தடவை இதைச் சொல்பவளே அவள்தான். தனக்கென்று வந்தபோது புத்தி எங்கே போயிற்றோ.

சோதனை அறைக்கு அடித்துப் பிடித்து ஓடினாள். ஓடும்போதே தன்னைத் தேற்றிக்கொண்டாள். முதலில் அவன் வெறும் நைட்ரஜனை ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பான். பிறகுதான் ஹைட்ரஜன். முள் இந்நேரம் காட்டிக்கொடுத்திருக்கும். மிஞ்சிப்போனால் வீட்டில் நாலு நாள் கிண்டல் செய்வான், செய்துவிட்டுப் போகட்டும்.

கதவைத் திறந்தாள். நைட்ரஜன் குழாய் சுருட்டியபடி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுக்கைக் காய்ச்சும் சூடேற்றிக் கருவி செக்கச்செவேலென்று தகதகத்தது. அடுக்கின் தாங்கியில் பச்சை ஸ்டிக்கர் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. அவன் கை ஹைட்ரஜனைத் திறக்கும் திருகின் மேல் இருந்தது.

“கைய எடுங்க” என்றாள். கத்துவதற்கு மூச்சில்லை.

அவன் எடுத்தான். ஹைட்ரஜன் திருகை இறுக்கி மூடிவிட்டு, சூடேற்றியையும் அவளே அணைத்தாள். நைட்ரஜன் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

“உன் ஒட்டுதானே? அதப் போயி சோதிக்கணுமா?” என்றான், பாராட்டுகிறவன் போல.

“இன்னைக்கு மட்டுமா?”

“கல்யாணம் ஆனதுலேருந்தே பாக்குறதில்ல.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

இத்தனை வருஷமாக எதை நினைத்து நிமிர்ந்து நடந்தாளோ, அதை ஒருவரும் அளந்து பார்த்ததே இல்லை. அத்தனை பச்சையும் புருஷன் பெண்டாட்டி மேல் வைத்த பிரியம். அந்தப் பிரியம் இன்றைக்கு அவனைக் கரிக்கட்டையாக்கப் பார்த்தது. ஆத்திரமா அழுகையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

குழாயை ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் திணித்தாள். அவன் மாட்டித் திறந்தான். முள் லேசில் ஏறவில்லை. கொஞ்சம் ஏறியதும் சடசடவென்று சரிந்து அடியில் போய் நின்றது. அவன் முகம் பேயறைந்தாற்போல் ஆயிற்று. சற்றுமுன் ஹைட்ரஜன் திருகின் மேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுவரோரத் தட்டில் பச்சை ஸ்டிக்கரோடு அடுக்குகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெளியே போகக் காத்திருப்பவை, எல்லாம் அவள் ஒட்டியவை. ஒன்றைத் தூக்கிவந்து மேடையில் வைத்து, ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அவன் குழாயை மாட்டினான். முள் ஏறி நின்றது. இருவரும் இமைக்காமல் பார்த்தார்கள். முள் அசையவில்லை.

“பாத்தியா” என்றான் அவன்.

“அடுத்தத எடுங்க” என்றாள்.