பாலம்மா வெட்டிய இரண்டு காசு

கண்டிப் பக்கம் மடுல்கெல்லைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பாலம்மாவைக் கண்டால் இப்போது தொழிற்சங்கத் தலைவர்மார் வழி விலகிப் போகிறார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவளை அவர்களுக்கு அடையாளமே தெரியாது. நான் அதே தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை. பதினாறு வருடமாக அவளுடைய கொழுந்துப் பையை நான்தான் தராசில் மாட்டுகிறேன். அரைக் கிலோ குறைத்துப் போட்டாலும் "சரிங்க ஐயா" என்று போகிறவள். அப்படிக் குறைத்துப் போட்டிருக்கிறேனா என்று கேட்காதீர்கள். இது என் கதை இல்லை.

அவள் புருஷன் கறுப்பையா தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை செய்தவன். முதுகில் தொட்டியும் முகத்தில் ஒரு கைக்குட்டையுமாக இருபது வருடம் மலை ஏறி இறங்கியதில் நெஞ்சு பழுதாகிவிட்டது. மூச்சு முட்டு வந்தால் குந்திவிடுவான். வாயில் வைத்து இழுக்கிற பம்ப் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். மாதாமாதம் கண்டிக்குப் போய் கிளினிக்கில் இலவசமாக வாங்கி வருவான்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அது நின்றது. அந்த வருடம் எதுதான் நிற்கவில்லை? மண்ணெண்ணெய் இல்லை, சமையல் காஸ் இல்லை, பால்மா இல்லை, பிள்ளைகள் சோதனை எழுதத் தாள்கூட இல்லை. மருந்தை வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லி கிளினிக்கில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டோடு பாலம்மா கண்டி டவுனில் ஏறாத பார்மசி இல்லை. கடைசியில் ஹுஸைன் என்கிறவருடைய சின்னக் கடையில் இரண்டே இரண்டு பம்ப் இருந்தது. விலை பழையதைப் போல நாலு மடங்கு.

"தங்கச்சி, ரெண்டையும் ஒங்களுக்கு எடுத்து வெக்கிறன்" என்றார் அவர். "ஆனா வெள்ளிக்கெழம வரைக்கும்தான். அதுக்கு மேல ஒளிச்சு வெச்சா மத்த நோயாளிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டு பம்பை எடுத்துவருவதாக இருந்தாள் பாலம்மா. அதற்கு முதல்நாள், வியாழக்கிழமை, இராஜாங்க அமைச்சர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்.

நாற்பது யார்ட் நீளத்துக்குக் கொங்கிரீட் போட்ட ஒரு பாதையைத் திறந்து வைக்கத்தான் வந்தார். கோயில் மைதானத்தில் கூட்டம். அமைச்சர் சிங்களத்தில் பேசுவார், பன்வில டவுன் நடராஜா தமிழில் சொல்லுவான். நடராஜா கூட்டங்களுக்கு ஸ்பீக்கரும் உட்காரப் பிளாஸ்டிக் கதிரையும் வாடகைக்கு விடுகிறவன். அவனைக் கூப்பிட்டால் சாமானோடு குரலும் வரும். இருபது வருடமாக எந்தக் கட்சிக்காரன் எங்கள் பக்கம் வந்தாலும் அவனுக்குத் தமிழ் நடராஜாதான். கட்சிகள் மாறின, சின்னங்கள் மாறின, அந்தக் குரல் மட்டும் மாறவில்லை. கேட்டால் நெஞ்சு உருகிவிடும், அப்படி ஒரு குரல். எங்கள் பெரியவர்களுக்குச் சிங்களம் தெரியாது என்று இல்லை, கடைச் சிங்களம் நன்றாகவே தெரியும். மேடைச் சிங்களம் வேறு. அது ஓடும்போது எல்லோரும் சும்மா இருப்பார்கள், நடராஜா வாயைத் திறக்கும்போதுதான் காதைக் கொடுப்பார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த இளசுகள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள்.

யாரோ மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். அமைச்சர் ஒரு நிமிஷம் பேசினார். நடராஜா மைக்கை இழுத்துக்கொண்டான்.

"அன்பார்ந்த தாய்மாரே, ஒருத்தரும் பயப்பட வேண்டாம்! மருந்து ஏத்தின கப்பல் வந்து நிக்குது. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரும். வெளியில வாங்கி ஏமாறாதீங்க. இது ஐயாவுடைய வாக்கு!"

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். பாலம்மா தட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

அன்று பின்னேரம் என் போனை வாங்கித்தான் ஹுஸைனுக்குப் பேசினாள். "வேணாம் ஹுஸைன் நானா, வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. ஆஸ்பத்திரிக்கே வருதாம்."

"யாரு சொன்ன?"

"மேடையிலயே சொன்னாங்க நானா."

அவர் உடனே போனை வைக்கவில்லை. "சரி தங்கச்சி, எதுக்கும் யோசிங்க" என்றார். சனிக்கிழமை முழுதும் காத்திருந்துவிட்டுத்தான் வேறு ஆளுக்குக் கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மருந்து வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் காலை எட்டு மணிக்குக் கறுப்பையாவுக்கு முட்டு வந்தது. சட்டைப் பையில் இருந்த பம்ப் வெறும் டப்பா. தோட்டத்து ஓட்டோ மூன்றும் பெற்றோல் வரிசையில் நின்றன. கம்பளியில் போட்டு நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு முனை என் கையில் இருந்தது. பாதி வழியில் அவன் மூச்சு இழுப்பது நின்றுவிட்டது. பின்னால் ஓடிவந்த பாலம்மா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "எறக்கி வைங்க" என்றாள்.

எல்லோரும் அமைச்சரைத் திட்டினோம். அவளும் திட்டினாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்த அவள் மகள் சுதர்சினிதான் அந்த வீடியோவைக் கண்டுபிடித்தாள். சுதர்சினி கண்டியில் துணிக்கடையில் வேலை செய்கிறவள், சிங்களத்தில் சண்டையே போடுவாள். அமைச்சர் தன்னுடைய கூட்டத்தைப் பெருமையாக பேஸ்புக்கில் போட்டிருந்தார். லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து தாயும் மகளும் அதைப் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"இந்தா மருந்தப் பத்தி சொல்லுறாரும்மா. நாட்டுல கஷ்டம் இருக்காம். மருந்துப் பிரச்சினையயும் கவனத்துல எடுத்திருக்காங்களாம். நல்லது நடக்கும், பாப்போம்ங்கிறாரு."

"செவ்வாய்க்கெழம?"

"சொல்லல."

"கப்பலு?"

"அவரு சொல்லவே இல்லம்மா. நடராஜா மாமாதான் சொல்லுறாரு."

பாலம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. மூன்றாம் தடவை அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாட்டைக் குட்டிச்சுவராக்கிவிட்டு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பிடிகொடுக்காமல் பேசிப்போன ஒருவன். அந்தப் பஞ்சுக்கு நாளும் கிழமையும் வைத்து எங்கள் மொழியில் விற்ற இன்னொருவன். இவர்களில் யாரை முதலில் அடிப்பது? எனக்கு அன்று வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை.

எங்கள் தோட்டத்தில் அநியாயம் செய்யப்பட்டவர்கள் கடைசியாகப் போகிற இடம் மேல்மலை முனியாண்டி. அந்தக் கல்லுக்கு முன்னால் காசை வைத்து, செய்தவன் பெயரைச் சொல்லிச் சபித்து, உளியால் இரண்டாக வெட்டிப் போடுவார்கள். பொலிசுக்குப் போனால் சமாதானம் பேசலாம். காசு வெட்டினால் பேச்சே கிடையாது. வெட்டிய கையே மனம் வந்து காசை எடுத்தால்தான் சாபம் தீரும்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பாலம்மா போனாள். பூசாரி உளியை நீட்டி, யார் பெயருக்கு என்று கேட்டார்.

"ரெண்டு காசு" என்றாள். "ஒண்ணு அமைச்சருக்கு. ஒண்ணு நடராஜாவுக்கு."

இரண்டையும் அவளே வெட்டினாள். பெயரை உரக்கச் சொன்னாள். அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். சாயந்தரத்துக்குள் செய்தி பன்விலவுக்குப் போய்விட்டது.

அமைச்சரிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்தாராம். அவருக்கு எங்கள் முனியாண்டியைத் தெரியாது. நடராஜாவுக்குத் தெரியும். முதல் மாதம் கரண்ட் போய் வந்ததில் அவனுடைய அம்ப்ளிஃபயர் புகைந்தது. பிறகு இடது கால் வீங்கியது. கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் அவனுடைய கதிரையை எடுக்க ஆட்கள் தயங்கினார்கள். காசு வெட்டுப்பட்டவன் சாமானை நல்ல காரியத்துக்கு எப்படி வைப்பது? ஒன்றரை வருடம் தாக்குப் பிடித்தான். அப்புறம் ஒருநாள் நொண்டிக்கொண்டே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்தான். நான் பாலம்மாவின் கொழுந்தை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, டொக்டர் சீனி வியாதிங்கிறாரு. இது சீனி இல்லேன்னு எனக்குத் தெரியும். காச எடுத்துருங்கக்கா."

"செவ்வாய்க்கெழமன்னு யாருடா சொன்னா?"

அவன் தரையைப் பார்த்தான். "அவரு பாப்போம்னாருக்கா. பாப்போம்னு சொன்னா சனம் கைதட்டுமா? மேடைக்கு வர்றவனுக எல்லாரும் வெறுங்கையத்தான் நீட்டுவானுக. நான்தான் அதுல எதையாச்சும் வெச்சுக் குடுப்பேன். இருபது வருஷமா அப்பிடித்தான். சனம் சந்தோசமா வீட்டுக்குப் போகும்."

"எம்புருஷனும் சந்தோசமாத்தான் போனாரு."

நடராஜா அழுதான். மடுவத்தில் ஒருவருக்கும் இரக்கம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, சொல்வதற்கு என்ன வெட்கம்?

பாலம்மா பையைக் கீழே வைத்தாள். "எலெக்சன் வரும். அவன் மறுபடி வருவான். நீதான் மேடையில நிப்ப. அன்னைக்கு அவன் வாயில வர்றத மட்டும் சொல்லு. ஒண்ணும் கூட்டாத, ஒண்ணும் விடாத. அப்பிடிச் சொன்னீன்னா காச எடுக்கிறேன்."

"சத்தியமாவாக்கா?"

"எடுக்கிறேன்னு சொல்லுறேன்ல."

அவன் என்னைக் கும்பிட்டான், நான் சாட்சி என்பதுபோல.

தேர்தல் வந்தது. அவரும் வந்தார், புதுக் கட்சியில், புதுச் சின்னத்தோடு. அதே மைதானம், அதே கதிரைகள். இந்தத் தடவை பாலம்மா லயம் லயமாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்திருந்தாள். அமைச்சர் சந்தோஷப்பட்டிருப்பார். நடராஜா காலில் துணி சுற்றிக்கொண்டு மைக்கருகே நின்றான்.

அமைச்சர் கையை உயர்த்தி முழங்கினார். நடராஜா சொன்னான்: "கெட்ட காலம் முடிந்துகொண்டு வருகிறது என்கிறார். பொறுமையாக இருக்கட்டுமாம்."

மறுபடி முழக்கம். "சம்பளத்தைப் பற்றிக் கவனம் எடுத்திருக்கிறார்களாம்."

இன்னும் பெரிய முழக்கம், மேசையில் ஒரு குத்து. "வீட்டையும் காணியையும் பற்றிப் பார்ப்போம் என்கிறார்."

அவ்வளவுதான். எப்போதும் பாட்டாக ஓடுகிற குரல், ரசீது வாசிக்கிற மாதிரி வாசித்தது. ஒருவரும் கைதட்டவில்லை. இருபது வருடமாக இவர்கள் எங்களிடம் சொன்னது இவ்வளவுதானா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "எப்ப?" என்று கேட்டார். நடராஜா அதைச் சிங்களத்தில் கேட்டான். பதிலைத் தமிழில் சொன்னான்: "பார்ப்போம் என்கிறார்."

யாரோ சிரித்தார்கள். அமைச்சருக்கு முகம் மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற செயலாளரிடம் குனிந்து எதையோ முணுமுணுத்தார். அது நடராஜா காதிலும் விழுந்தது. கூட்டத்தில் பாலம்மா இருக்கிற பக்கம் பார்த்தான். பிறகு மைக்கில் சொன்னான்:

"முன்பெல்லாம் இதுகள் கைதட்டுமே, இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். சீக்கிரம் முடிக்கட்டுமாம், தெல்தெனியவில் நல்ல கூட்டம் காத்திருக்கிறதாம்."

பாலம்மா எழுந்தாள். கூப்பாடு போடுவாள், கல்லெடுப்பாள் என்று நினைத்தேன். அவள் தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்கி, பக்கத்துக் கதிரையின் மேல் அடுக்கினாள். "கறுப்பையாவோட சம்சாரம் நான்" என்று மேடையைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொன்னாள். அவருக்குக் கறுப்பையா யாரென்று எப்படித் தெரியும்? எங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக எழுந்தோம். ஒவ்வொருவராகக் கதிரையை அடுக்கினோம். பொலிஸ்காரர்களுக்கு எதற்காகத் தடுப்பது என்றே விளங்கவில்லை. பத்து நிமிஷத்தில் முந்நூறு கதிரையும் மைதானத்து ஓரத்தில் அடுக்காக நின்றன. அவர் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு மேடையில் நின்றார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மறக்கவும் விருப்பமில்லை, இனிக்கிறது.

தேர்தலில் தோற்றார். காசு வேலை செய்தது என்று லயத்தில் சொல்கிறார்கள். நாடே அந்த ஆட்களைத் தூக்கி எறிந்த வருடம் அது. எது எப்படியோ, எனக்குச் சந்தோஷம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடராஜா தேங்காய், பூ, சூடத்தோடு முனியாண்டி கோயிலுக்கு வந்துவிட்டான். என்னையும் வரச் சொல்லியிருந்தான். பாலம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற வழியில், கொழுந்துப் பையோடு வந்து நின்றாள். கல்லடியில் வெட்டுப்பட்ட காசுகள் கறுத்துக் கிடந்தன. நடராஜா சாஷ்டாங்கமாக விழுந்து எழுந்தான்.

"எடுத்துருங்கக்கா. நீங்க கேட்ட மாதிரியே செஞ்சிட்டேன். ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் விடல."

பாலம்மா தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினாள். அது அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் தோளில் போட்டாள்.

"எடுக்க மாட்டேன்" என்றாள்.

"எடுக்கிறேன்னு சொன்னீங்களேக்கா! கணக்கப்புள்ள ஐயா முன்னாலதானே சொன்னீங்க!"

"ஆமா. சொன்னேன்தான். நீ செவ்வாய்க்கெழமன்னு சொன்ன மாதிரி."

நடராஜா திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தேயிலைக்குள் ஏறிப் போய்விட்டாள்.