ஐந்தாவது மடையான்

"சார், அம்மா போயிட்டாங்க. கண்ணு மட்டும் மூடவே மாட்டேங்குது." மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது தேன்மொழி டீச்சரிடமிருந்து போன் வந்தது. அவருடைய தாயார் பவுனம்மாள் ஒரு காலத்தில் மடையான் கொக்கு பிடித்துக் கறிக்கு விற்றவர். அவரைப் பிடித்த வனக்காவலன் நான். எங்கள் உறவு அப்படித்தான் ஆரம்பித்தது.

அது அறுவடைக் கூலிக்காகச் சண்டை நடந்த வருஷம். சர்க்கார் சொன்ன கூலியை மிராசுதார் தர மறுத்தார். ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். வயலில் கால் வைத்தால் கேஸ் என்று மிரட்டல் வேறு. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது, கூலிக்காரர் தெருவே பட்டினி. பவுனம்மாள் கொக்கு விற்றுத்தான் அங்கே உலை கொதித்தது.

இமைகளை நூலால் தைத்த மடையான்களை அவர் வரப்பில் கட்டிவைப்பார். அவற்றை நம்பி இறங்கும் மற்றவை கண்ணியில் மாட்டும். புதுக் காக்கிச்சட்டை முறுக்கு எனக்கு. அன்று கட்டியிருந்த ஐந்தையும் அவிழ்த்து, "போ, போ" என்று விரட்டிவிட்டேன். பெரிய தர்மப்பிரபு!

"அட கூறுகெட்ட மனுஷா! கண்ணு தைச்சிருக்குய்யா, எங்க போவும்?" என்று ஓடிவந்தார். தட்டுத்தடுமாறியவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்து நூலை அறுத்தார். நான்கு பறந்தன. ஐந்தாவது மட்டும் கைக்குச் சிக்காமல், தைத்த கண்ணோடு அறுவடையாகாத நெல்லுக்குள் நடந்து போய்விட்டது.

"நான் இறங்கினா தெருவையே உள்ள தள்ளிருவாங்க. நீங்க இறங்குங்கய்யா," என்று கெஞ்சினார். அப்போது எனக்கு மதியச் சாப்பாடே மிராசுதார் வீட்டில்தான். நான் இறங்கவில்லை. உள்ளே கதிர் அசைவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

அதன்பின் அவர் கொக்கு பிடிக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல, "சட்டமா சோறு போடும்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர் அவர். நண்டு பிடித்தார், நாற்று நட்டார், மகளைப் படிக்கவைத்தார். நான் திருத்திவிட்டதாக யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வாரம் அந்தத் தெருவில் பிள்ளைகள் பசியில் அழுததும் என்னால்தானே.

எங்கே பார்த்தாலும் கேட்பார்: "தம்பி, அந்த அஞ்சாவது என்னாச்சு?"

"பறந்திருக்கும்க்கா."

"கண்ணில்லாமயா?"

நேற்று போனேன். தேன்மொழி இமைகளைத் தடவி மூட மூட, அவை திறந்துகொண்டன. "நீங்க ஒரு தடவை பாருங்க சார்," என்றார்.

குனிந்து காதில் சொன்னேன்: "அக்கா, தைச்சது நீங்க. அறுத்ததும் நீங்கதான். இறங்காதவன் நான். அது என் பாவம், இனி நான் தேடிக்கிறேன். நீங்க தூங்குங்க." கையை இமைமேல் வைத்தேன். எடுத்தபிறகு, மூடியிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பும் வழியில் அதே வயல், அதே முற்றிய கதிர். காற்றே இல்லை. நடுவில் மட்டும் ஏதோ அசைந்தது.

போய்வாருங்கள் அக்கா. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினேன்.